ஓங்கல் தீவிலிருந்து ஓர் அயலெண்ணம்

மூங்கில் வளரும் மலையும், அம்மலையில் பிறந்து கடல் சேரும் நறும்புனல் ஆறும், அவ்வாற்றின் இருகரையிலும் அச்சமின்றி வாழும் குடிகளும் நீடு நிலைக்க. களிற்றுக்கொடி உயர்த்தியவரும், வேய்மலை நாட்டின் முடியும் கோலும் தாங்கியவரும், பகைவரும் பெயர் சொல்லுமுன் இருமுறை எண்ணும் பெருமை உடையவருமான பெருந்தேவி வெண்கொற்றியார் திருமுன்னர், அத்தேவியாரின் அயலெண்ணராய் ஓங்கல் தீவில் உறையும் காரிநங்கை தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் நலம் கேட்கிறேன். அவையோர் நலம் கேட்கிறேன். பட்டத்து யானையின் இடக்காதுப் புண் ஆறிற்றா என்றும் கேட்கிறேன்.

தேவியாரின் திருவோலை மிளகுக் கப்பலில் வந்து சேர்ந்தது. கட்டு அவிழவில்லை, முத்திரை சிதையவில்லை. அதில் கண்ட செய்தி இது. அயலெண்ணர் என்னும் பதவியை நாட்டிலிருந்து நீக்கிவிடலாம் என்றும், நீக்கினால் காரிநங்கை கடல் கடந்து வீடு திரும்பத் தடை இல்லை என்றும் அவை ஒரே குரலில் உரைத்திருக்கிறது. ஆயினும் அயலெண்ணம் பெறாத எந்த ஆணையும் ஆணை ஆகாது என்பது முறை. எனவே இதற்கும் அயலெண்ணம் வேண்டும் என்று தேவியார் கேட்டிருக்கிறீர்கள். அயலெண்ணர் நம் நாட்டுக்கு ஒருவரே. அவர் நான். என்னை அழைக்கலாமா என்று என்னையே கேட்டு வந்த ஓலை இது.

அயலெண்ணம் எழுதுவோர், எதுவும் அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொல்லவேண்டும் என்பதும் முறையே ஆகையால், தேவியார் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

நம் முன்னோரான நெடுவேய்க் கோமான், அவையில் ஒருவன் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, கேட்ட மூச்சு அடங்குமுன்னே ஓர் ஊரை எரிக்க ஆணையிட்டார். ஊர் எரிந்த பிறகு, அந்தச் சொல்லை வேற்று நாட்டு வணிகன் ஒருவனுக்கு விளக்க முயன்றார். விளக்க விளக்க அதில் எரிப்பதற்குரிய எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அதன்பின் அவர் வகுத்த முறை இது. பாலோடு சேர்த்துக் குடித்த மொழியில் ஒரு சொல் நேரே நெஞ்சுக்குள் நுழைந்துவிடுகிறது. பின்னாளில் கற்ற மொழியில் அந்தச் சொல் வாசலில் நின்று, யார் என்று கேட்கப்பட்டு, விடை சொல்லிய பிறகே உள்ளே வருகிறது. ஆகவே வேய்மலையின் ஒவ்வொரு பெரிய முடிவும் ஒருமுறை நம் மொழியில் அவையாலும், மறுமுறை அயல்மொழியில் கடலுக்கு அப்பால் வாழும் ஒருவராலும் எண்ணப்படவேண்டும். அந்த ஒருவர் அரசரோடு ஒரே முலைப்பால் உண்டவராக இருக்கவேண்டும். வேறு யார் சொன்னாலும் அரசர் கேட்கமாட்டார் என்பதைக் கோமான் தம்மைக்கொண்டே அறிந்திருந்தார் போலும்.

என் அன்னை தங்களுக்கு வலப்பக்கமும் எனக்கு இடப்பக்கமும் பாலூட்டினாள். அவ்வளவே எனக்கு இருந்த தகுதி. அவையில் என் பெயர் சொல்லி அழைத்த அன்று நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். நாலு பேர் நடுவே வாய் திறந்து அறியாதவள் கடல் கடந்து போய் யாரிடம் எதைப் பேசுவாள் என்று படைத்தலைவர் சிரித்தது எனக்கும் கேட்டது. தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. பேசாதவள்தான் நிறைய எண்ணுவாள் என்று சொன்னீர்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று அன்றே சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

அயல்மொழி ஒருவரிடம் குடியேறிவிட்டதா என்று அறிய மூன்று குறிகள் உண்டு. எண்ணும்போது அம்மொழியில் எண்ணவேண்டும். கனவில் அம்மொழி கேட்கவேண்டும். திடீரென்று வலி வந்தால் வாயில் அம்மொழிச் சொல்லே வரவேண்டும். வலியின் குறியே கடைசியில் வருவது.

இங்கே நான் தங்கியிருப்பது கப்பல் தச்சன் ஒருவனின் மனைவியான தாவுலி என்பவளின் வீட்டில். அவள் கணவன் ஆண்டின் பெரும்பகுதி கடல்மேல் இருப்பவன். தாவுலியின் நாக்கு அவன் உளியைவிடக் கூரியது. நான் மீன் வாங்கப் போய், வாய்க்குள் நம் மொழியில் எண்ணி, பிறகு அதை ஓங்கல் மொழிக்கு மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் மீன் நாறிவிடும் என்று தெருவே கேட்கச் சொல்வாள். ஒவ்வொரு எண்ணத்துக்கும் சுங்கம் கட்டிவிட்டுத்தான் இவள் வாயைத் திறப்பாள் என்றும் சொல்வாள். ஒருநாள் என்னை அறியாமல் நேரே ஓங்கல் மொழியில் எண்ணி, ஒரு மீன் குறைகிறது என்று மீன்காரியிடம் சண்டையும் பிடித்தேன். தேவியார் நம்பமாட்டீர்கள். நான் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்தேன்.

அது எப்படி நேர்ந்தது என்று பலகாலம் எண்ணிப்பார்த்தேன். நம் மொழியில் நான் வாய் திறக்கும்போதெல்லாம், இதற்கு முன் வாய் திறந்து பட்ட வெட்கம் எல்லாம் கூடவே வருகிறது. மெதுவாகப் பேசு, நீ யார் பேச, பெண்பிள்ளை குரலா இது என்பனவெல்லாம் சொற்களோடு சேர்ந்தே என் காதில் விழுந்தவை. ஓங்கல் மொழியில் என்னை யாரும் சிறுவயதில் அதட்டியதில்லை. அந்தச் சொற்கள் அலம்பி வைத்த பாத்திரங்கள்போல இருந்தன. அதனால் நம் மொழியில் நான் கூச்சக்காரி, இங்கே சண்டைக்காரி.

கனவு அடுத்து வந்தது. அதில் தாங்கள் ஆற்றுப்படியில் அமர்ந்து ஓங்கல் மொழியில் என்னை அழைத்தீர்கள். உனக்கு எப்படி இது தெரியும் என்று நான் கேட்க, தாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். விழித்த பிறகு அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க முயன்றேன். முடியவில்லை.

கடைசியில் வலி. கரையில் கிடந்த நங்கூரக்கல்லில் கால்விரல் மோதி நகம் பெயர்ந்தது. என் வாயில் வந்தது காவூ என்னும் சொல். அது இவர்களின் கப்பல்கள் உடையும் பாறைத்திட்டின் பெயர். இங்கே வலித்தவர்கள் எல்லாம் அதைத்தான் கூவுவார்கள். தாவுலி என் விரலைப் பாராமல் கைதட்டி மகிழ்ந்தாள். மூங்கில் நாட்டுக்காரியின் கால் இன்றுதான் இத்தீவில் பட்டது என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். அதை எழுதியனுப்பினேன், தாங்கள் பதவி மோதிரம் அனுப்பினீர்கள். அன்றிலிருந்து நான் அயலெண்ணர்.

இப்பதவியால் நாட்டுக்கு விளைந்தது என்ன என்பதையும் சொல்லவேண்டும். விழாவுக்குச் சீராக நாம் அனுப்பியிருந்த களிற்றை மேட்டுநிலத்து மன்னர் திருப்பி அனுப்பியபோது அதன் கொம்புப் பூண்கள் இரண்டும் இல்லை. மானம் போயிற்று என்று அவை எழுந்து நின்றது. படைத்தலைவர் வாளை உருவிவிட்டார் என்றும், உறையை எங்கோ எறிந்துவிட்டார் என்றும் தேவியாரே எழுதினீர்கள். அதை நான் ஓங்கல் மொழியில் எண்ணத் தொடங்கினேன். மானம் என்பதற்கு இவர்களிடம் ஒற்றைச் சொல் இல்லை. தாவுலிக்கு விளக்கிச் சொன்னேன். யாரோ உங்களுடைய இரண்டு வளையங்களை வைத்துக்கொண்டார்கள், அதற்காக உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாகப்போகிறார்கள், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று அவள் கேட்டாள். வளையங்களைக் கேட்டு வாங்குக என்று எழுதினேன். கேட்டார்கள், வந்தன. அங்குள்ள யானைப்பாகன் கழுவுவதற்காகக் கழற்றி வைத்து மறந்திருக்கிறான்.

நறும்புனலின் பாலம் பெருவெள்ளத்தில் போனபோது, அக்கரைக் குடிகளுக்கு நெல் கொண்டுபோகப் படகில்லை, படகுக்கு மரம் உலர ஓராண்டு ஆகும் என்று அவை கைபிசைந்தது. படைக்கலக் கொட்டிலில் என்னென்ன கிடக்கின்றன என்று கேட்டு எழுதினேன். வேல், கேடயம், போர்முரசு என்று விடை வந்தது. ஓங்கல் மொழியில் முரசின் பெயருக்குத் தோல் மூடிய குடம் என்று பொருள். தோல் மூடிய குடம் மிதக்கும் அல்லவா என்றுதான் நான் எழுதினேன். முரசுகளைப் பிணைத்த தெப்பத்தில் நெல் அக்கரை சேர்ந்தது. நம்மவர் யாருக்கும் அறிவு குறைவில்லை. முரசு என்று சொன்ன உடனே கை கூப்பிவிடுகிறோம். கூப்பிய கையால் அதை உருட்டித் தண்ணீரில் தள்ள முடிவதில்லை.

இனி இந்த ஓலையின் பொருளுக்கு வருகிறேன்.

தேவியாரின் ஓலையை மடித்து வைத்துவிட்டு, மீன் உலர்த்தும் முற்றத்துக்குப் போனேன். அங்கே தாவுலி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். முறைப்படி, பெயர்களை நீக்கி, ஓங்கல் மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே எண்ணினேன். ஒரு நாடு ஒருத்தியைக் கடலுக்கு அப்பால் வைத்திருக்கிறது. அவளால் அந்நாட்டுக்குப் பயன் உண்டு. அவளுக்கு மாற்றாக அனுப்ப, அரசியோடு பால் உண்டவர் வேறு யாரும் இல்லை. அவள் திரும்பினால் ஒரு வீட்டுக்கு மகிழ்ச்சி, திரும்பாவிட்டால் ஒரு நாட்டுக்கு நிழல். ஆகவே அவள் அங்கேயே இருக்கட்டும். எண்ணம் இவ்வளவு எளிதாக முடிந்தது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. இதுவே இப்பதவியின் சிறப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தாவுலி கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாய் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறாள் என்றேன். தேவியார் எழுதியிருந்ததைச் சொன்னேன். என் அன்னைக்கு இப்போது கண் மங்கிவிட்டது என்பதையும், அரசி என்றும் பாராமல் தங்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, என் பிள்ளையை எந்தச் சந்தையில் விற்றாய் என்று நாள்தோறும் ஏசுகிறாள் என்பதையும் சொன்னேன். தாவுலி சிரித்தாள், நல்ல கிழவி என்றாள். பிறகு, போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, அரிசியைக் குறைத்துப் போடவேண்டும், பானையடியில் தீய்ந்த சோற்றைத் தின்ன இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றாள்.

தீய்ந்த சோறு எனக்குப் பிடிக்கும் என்பது வந்த புதிதில் நான் சொன்ன பொய். மொழி தெரியாதவளுக்கு நல்ல சோற்றைக் கேட்கத் தெரியவில்லை. பிறகு அது உண்மையாகவே பிடித்துப்போயிற்று. அவள் வேண்டுமென்றே அடுப்பைத் தணிக்காமல் விடுவதும் எனக்குத் தெரியும். இதற்கு விடையாக ஏதோ சொல்ல வாய் திறந்தேன். இத்தீவுப் பிள்ளைகள் தாயை அழைக்கும் சொல் வந்தது. அதன்பின் கருவாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஓங்கல் மொழியிலேயே அழுதேன் தேவி, முழுவதும் அம்மொழியிலேயே.

அயல்மொழியில் அழுதவருக்கு அம்மொழி அயல்மொழி ஆகாது, அதில் அவர் எண்ணியது செல்லாது என்பது நெடுவேய்க் கோமானின் முறை. ஆகவே என் எளிய தீர்ப்பு அந்த முற்றத்திலேயே செல்லாமல் போயிற்று.

அறைக்குத் திரும்பி, தேவியாரின் ஓலையை மீண்டும் எடுத்து, நம் மொழியிலேயே எழுத்துக்கூட்டி வாசித்தேன். வீட்டுக்கு வா என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். முன்றிலில் புங்கமரம் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்னை என்னும் சொல்லும் இருந்தது. ஒவ்வொன்றின் பொருளும் எனக்கு விளங்கியது. ஒன்றும் என்னைத் தொடவில்லை. கரையில் ஒதுங்கிய கிளிஞ்சல்கள்போல அழகாக, உள்ளே உயிர் இல்லாமல் கிடந்தன. ஊரை நினைத்து ஏங்கிய நாட்கள் எனக்கு உண்டு. தலையணையைக் கடித்துக்கொண்டு ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கமே இப்போது வந்தால் போதும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊரைவிட்டு வந்த அன்றுகூட ஊரை இவ்வளவு இழந்துவிட்டதாக நான் உணர்ந்ததில்லை.

ஆனால் பதவியில் இருப்பவள் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நெஞ்சுக்குள் நேரே நுழையாத மொழி எதுவோ, அதுவே எண்ணுவதற்குரிய மொழி. எனக்கு அது இன்று நம் தாய்மொழி என்று ஆகிவிட்டது. எனவே நம் மொழியிலேயே முதலிலிருந்து எண்ணினேன். கண் கலங்காமல் எண்ணினேன். முடிவு மாறவில்லை.

ஆகவே அயலெண்ணம் இதுவாகும். இப்பதவி நீங்கலாகாது. வளையங்களுக்காகப் பிள்ளைகள் சாகாதிருக்க, முரசு மிதக்கக் கூடும் என்று யாரேனும் சொல்லிக்கொண்டிருக்க, இப்பதவி நிற்கவேண்டும். தேவியார் ஆளும் காலம்வரை காரிநங்கை ஓங்கல் தீவிலேயே இருக்கக் கடவள். அன்னையிடம், உன் பிள்ளையைச் சந்தையில் விற்கவில்லை, அவள் தானே விலைபோனாள் என்று தேவியார் ஆறுதலாகச் சொல்லவேண்டும். இவ்வோலை அவையில் உரக்க வாசிக்கப்படுக, ஆணையேட்டில் சேர்க்கப்படுக, மறுப்பின்றி நிறைவேற்றப்படுக. மலை உள்ளவரை மூங்கிலும், மூங்கில் உள்ளவரை கோலும், கோல் உள்ளவரை குடியும் தழைக்க. அயலெண்ணர் மோதிரம் பதித்து, அரக்கு வைத்து, என் கையால் மூடினேன்.

*முத்திரைக்குப் பின் ஓலைக்கட்டில் செருகிய நறுக்கோலை*

தேவியார் அறிக.

மேற்கண்ட ஓலையை மூடும்போது, உருக்கிய அரக்கு கரண்டியிலிருந்து நழுவி என் புறங்கையில் விழுந்தது. கொதிக்கும் அரக்கு. தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் கத்தினேன். கருவாட்டு முற்றத்திலிருந்து தாவுலி ஓடிவரும் அளவுக்குக் கத்தினேன்.

அவள் வாசலில் நின்று, இது என்ன சொல், இதுவரை உன் வாயில் நான் கேட்டதில்லையே என்றாள்.

அம்மா என்று கத்தியிருக்கிறேன்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் வந்துவிட்டன. புங்கமரம் வந்தது. அதன் பூவைப் பெருக்கித் தள்ளும் ஓசை வந்தது. ஆற்றுப்படியின் பாசி வந்தது. அன்னையின் இடப்பக்கத்து வியர்வை மணம் வந்தது. அங்கே என் தலையைத் தள்ளிவிட்டு உன் பக்கம் போதாமல் என் பக்கமும் வந்து குடிப்பாயாமே, அந்தக் கதையும் வந்தது. தாவுலி என் கையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமாக அழு, அப்போதுதான் எரிச்சல் தணியும் என்றாள். நான் நம் மொழியில் அழ, அவள் தன் மொழியில் ஏசினாள்.

ஏடி கொற்றி, இனி உன்னைத் தாங்கள் என்று எழுத என்னால் ஆகாது. எனக்கு இப்போது நெஞ்சைச் சுடாத, ஆறிய மொழி என்று ஒன்றும் இல்லை. ஒரு மொழியில் தீய்ந்த சோறு இருக்கிறது, மற்றொன்றில் நீ இருக்கிறாய். மூடிய ஓலையில் நான் எழுதிய தீர்ப்பு, இந்தக் கை வெந்த கணத்தில் செல்லாமல் போயிற்று. அதைப் பிரித்து மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால் அப்படியே அனுப்புகிறேன், கூடவே இதையும் அனுப்புகிறேன். இரண்டையும் அவையில் வாசி. அயலெண்ணம் கிடைக்காத இடத்தில் அரசரின் எண்ணமே நிற்கும் என்பதும் கோமான் வகுத்ததுதான். நீ என்ன எண்ணுவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

முறையை எண்ணி நீ கலங்குவாய். கோமான் நடுவே கடலை வைத்தார். அந்த வேலையைச் செய்தது கடலா, மொழியா என்று எனக்குத் தெரியவில்லை. மொழிதான் என்றால் அது என்னோடு வரும். மானம் என்று அவை எழும்போது, எந்த வளையம், எத்தனை என்று தூணுக்குப் பின்னால் நிற்காமல் கேட்பேன். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பேன். படைத்தலைவர் வாளுறையைக் கட்டியே வைத்திருக்கட்டும்.

மிளகுக் கப்பல் திரும்பி வரும்போது அதில் ஓர் இடம் வைக்கச் சொல். தாவுலியையும் அழைத்தேன். மூங்கிலில் கருவாடு உலருமா என்று கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்று சோறு தீயவே இல்லை.

நான் வந்துவிடுகிறேன். அன்னையிடம் சொல்லிவிடு. ஒன்று மட்டும் கேட்கிறேன், இதை அரசியின் ஆணையாகவே அவையில் பதிந்து வை. அரண்மனைப் படியில் கால் இடறி நான் காவூ என்று கத்தினால், அங்கே யாரும் சிரிக்கக் கூடாது, நீயும் கூடாது. ஒருத்தி கடலுக்கு அப்பால் அரிசியைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அறிந்து, சற்று நேரம் சும்மா இருக்கவேண்டும்.

இதற்கு மோதிரம் பதிக்கவில்லை. வெந்த கையால் எழுதியது.

காரி